ஆன் ஈறும் ஆள் ஈறும்: வளரிளந் திருநர் பற்றிய எழுத்துகளில் பாற்கிளவி

தமிழில் ஒருவர் தம்மைப் பற்றிப் பேசுங்கால், தாம் ஆணா பெண்ணா என்பதனைச் சொல்லாமலேயே வாழ்நாள் முழுதும் பேசிவிடலாம். ‘நான் வந்தேன்’ என்பதில் பால் இல்லை. ‘நீ வந்தாய்’ என்பதிலும் இல்லை. பால் படர்க்கையில்தான் பிறக்கின்றது. ஒருவரைப் பற்றி மற்றொருவரிடம் பேசும் பேச்சில்தான் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்னும் வேறுபாடு தோன்றுகின்றது. இது பள்ளிச் சிறுவரும் அறிந்த இலக்கணம். ஆயினும், திருநராகிய வளரிளம் பருவத்தாரைப் பற்றித் தமிழில் எழுந்துள்ள எழுத்துகளை ஒருசேரக் கற்றபொழுது, இவ்வெளிய இலக்கணமே அவற்றின் நடுப்பொருளாக நிற்றலைக் கண்டோம். ஆணென வளர்க்கப்பெறும் பதின்மூன்று வயதினர் ஒருவர் தம்மைப் பெண் என உணர்கின்றார் எனக் கொள்வோம். அவ்வுணர்வைக் காட்டும் வினைமுற்று அவர் வாயில் இல்லை. பிறர் வாயில் இருக்கின்றது. தாய் சொல்லல் வேண்டும். ஆசிரியர் சொல்லல் வேண்டும். தெருவில் உடன் விளையாடுவோர் சொல்லல் வேண்டும். அவர்கள் ‘ஆன்’ ஈறு கொடுத்தால் ஆண். ‘ஆள்’ ஈறு கொடுத்தால் பெண்.

இவ்வொரு செய்தியை உரைகல்லாகக் கொண்டு, சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’, ரேவதியின் ‘வெள்ளை மொழி’ ஆகிய மூன்று நூல்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கி. ராஜநாராயணனின் ‘கோமதி’ என்னும் சிறுகதை இப்பொருளை இவற்றிற்கெல்லாம் முன்னரே தொட்டது எனினும், அது வயது முதிர்ந்த ஒருவரைப் பற்றியதாகலின் ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை.

நூல்களுக்குச் செல்லுமுன் இலக்கணிகள் கூறியதனைக் காண்போம். ‘அவள்’ என்று தன்னை அழைக்குமாறு ஒரு மாணவர் வேண்டினால், அது மொழிமரபுக்கு மாறானது என்றும், மேலைநாட்டினின்றும் வந்த புதுவழக்கு என்றும் கூறுவார் தமிழாசிரியருள்ளும் உளர். அவர்தம் கூற்று தொல்காப்பியத்தின்முன் நில்லாது. ஆண்மை திரிந்த பெயர்ச்சொற்குத் தன்னை உணர்த்தும் தனி ஈறு இல்லை. உயர்திணைக்கு உரிய ஈறுகளையே அது கொண்டு முடியும் என்பது கிளவியாக்கத்தின் நான்காம் நூற்பா. அந்நூற்பாவிலேயே தெய்வத்தின் பெயரையும் ஆசிரியர் உடன்வைத்து ஓதினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இனி, பன்னிரண்டாம் நூற்பா இன்னும் ஒருபடி செல்கின்றது. ஆண்மை திரிந்த பெயர்க்கு ஆண்பாலை அறிவிக்கும் சொல் பொருந்தும் இடமே இல்லை என்று தொல்காப்பியர் விலக்குகின்றார். ‘பேடி வந்தாள்’ என்பதே உரையாசிரியர் காட்டும் வழாநிலை. எனவே, தம்மைப் பெண்ணென உணர்ந்த ஒருவரை ‘வந்தான்’ என்பதே வழு. வழக்கை மாற்றுவோர் யார் என்னும் வினாவுக்கு நம் முதல் இலக்கணம் இவ்வாறு விடை கூறுகின்றது.

பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தியார் இதனை மேலும் விளக்கினார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவும் பேடு ஆண்பால் என்றும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவும் பேடு பெண்பால் என்றும் நன்னூலின் 264-ஆம் நூற்பா வகுக்கின்றது. ஈண்டு ‘அவாவுதல்’ என்னும் வினையை ஊன்றிநோக்க வேண்டும். ஆசிரியர் உறுப்பைச் சுட்டிலர், உடையைச் சுட்டிலர், பிறந்தபொழுது மருத்துவச்சி கூறியதனையும் சுட்டிலர். ஒருவர் விட்டதனையும் விரும்பியதனையும் மட்டுமே சுட்டினார். பால் என்பது அவாவின்வழி அறியப்படும் என்பது இதனாற் போதருகின்றது. தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் வழக்கில் 2014 ஏப்ரல் 15 அன்று இந்திய உச்சநீதிமன்றம், பாலினத்தைத் தாமே உணர்ந்து கூறும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் புதுமை எனப் பாராட்டியவர்களும் பழித்தவர்களும் நன்னூலைப் புரட்டிப் பார்த்திருக்கலாம்.

இங்ஙனம் கூறுவதனால் பழந்தமிழ்ச் சமுதாயம் இவர்களைத் தலைமேல் வைத்துக்கொண்டாடியது எனக் கருதுதல் கூடாது. அதே நன்னூல் நூற்பாவின் இறுதிக் கூறு, இவ்விரு திறத்தாரையும் அஃறிணைபோலக் கூறுதற்கும் இடந்தருகின்றது. முன் இரு கூறுகளால் கொடுத்த உயர்திணையை மூன்றாம் கூறு பறிக்கவும் கூடும். இலக்கியச் சான்றும் இத்தகையதே. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், புகார்த் தெருவில் பேடிக்கோலம் பூண்டு ஆடுவாரைச் சூழ்ந்து நின்று காணும் கூட்டத்தைச் சாத்தனார் காட்டுகின்றார். தாடியும் குழலும் தோடும் பிறவும் விரிவாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் ஆடுபவர் ஒரு சொல்லும் பேசவில்லை. கண்டார் உளர், காணப்பட்டார் உளர், அவ்வளவே. நெடுங்காலம் தமிழ் இலக்கியத்தில் இவர்களது நிலை இதுவாகவே இருந்தது.

இலக்கணத்தில் இன்னுமொரு செய்தி உண்டு. எம் கட்டுரைக்கு அதுவே உயிர்நாடி. தமிழில் பால்காட்டாத இரு தங்குமிடங்கள் உள. ஒன்று குழந்தைக்கு உரியது; மற்றொன்று பெரியோர்க்கு உரியது. ‘குழந்தை அழுதது’, ‘பிள்ளை தூங்கிற்று’ என அன்பினால் அஃறிணையிற் கூறுகின்றோம். பெரியோரை ‘அவர் வந்தார்’ எனப் பலர்பாலிற் கூறுகின்றோம். முன்னது அன்பின் அஃறிணை. பின்னது மதிப்பின் பன்மை. இரண்டிலும் ஆண்பெண் வேறுபாடு மறைந்துவிடுகின்றது. ஆனால் பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்டவர்க்கு இவ்விரண்டும் இல்லை. ‘அது’ என்னும் பருவம் கழிந்தது. ‘அவர்’ என்னும் பருவம் வரவில்லை. மேலே யாம் பதின்மூன்று வயதினரை ‘அவர்’ என எழுதியது கட்டுரைத் தமிழ் தரும் சலுகை. எந்த வீட்டிலும் எந்தத் திண்ணையிலும் யாரும் அவ்வாறு பேசுவதில்லை. தமிழ் பேசும் ஒருவர் தம் வாழ்நாளில் ‘அவன்’, ‘அவள்’ என்னும் இரண்டனுள் ஒன்றில் முற்றும் அகப்பட்டு நிற்பது இவ்வளரிளம் பருவத்திலேயாம். திருநங்கையாகவோ திருநம்பியாகவோ தம்மை அறியத் தொடங்கும் பருவமும் பலர்க்கு இதுவேயாக அமைகின்றது. மொழி மிக இறுகிப் பிடிக்கும் இடத்தில்தான் அவர்கள் அசையத் தொடங்குகின்றனர்.

இனி, முன்னிலையில் பால் இல்லை என முன்னர்க் கூறினோம். அஃது ஏட்டிலக்கணம். வழக்கு அவ்விடத்தை வெறிதே விடவில்லை. ‘டா’, ‘டி’ என்னும் இரு விளிகளால் அதனை நிரப்பிக்கொண்டது. ‘வாடா’, ‘வாடி’ என்னும்பொழுது முன்னிற்பாரின் பால் வெளிப்பட்டுவிடுகின்றது. இவ்விளிகளை மிகுதியாக வழங்குவோரும் பெறுவோரும் பள்ளிப் பருவத்தினரே என்பதனைச் சொல்லவேண்டுவதில்லை.

இவ்வழக்கினை நேரிற் கேட்டறிதற்கு அத்திப்பட்டு ஏற்ற இடமாகும். திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத் தொழிற்பகுதியாகிய இவ்வூரை ஒட்டி வடசென்னை அனல்மின் நிலையமும் காமராசர் துறைமுகமும் உள்ளன. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் இருப்புப்பாதையில் அத்திப்பட்டு, அத்திப்பட்டுப் புதுநகர் என ஈர் நிலையங்கள் உள. ஒப்பந்தத் தொழிலாளராக வந்த வடநாட்டார், ஆந்திர எல்லைப்புறத்துத் தெலுங்கர், தென்மாவட்டங்களிலிருந்து குடியேறிய தமிழர் எனப் பல மொழியினர் ஒரே நடைமேடையில் நிற்பர். இம்மொழிகள் பால் காட்டும் முறை ஒன்றற்கொன்று வேறு. இந்தி பேசுவார் தன்மையிலேயே பால் காட்டுவர்: ஆண் ‘மைம் ஆயா’ என்பான், பெண் ‘மைம் ஆயீ’ என்பாள். ஆதலின் தம்மைப் பெண்ணென உணரும் இந்திச் சிறார் ஒருவர், யார் இசைவும் வேண்டாது, தம் வினைமுற்றாலேயே தம்மை வெளிப்படுத்தலாம். வெளிப்படுத்த அஞ்சுவாராயின் ஒவ்வொரு சொல்லிலும் பொய் கூறவும் நேரும். தெலுங்கில் தன்மையிற் பால் இல்லை. படர்க்கை ஒருமையில் ‘வச்சாடு’ என்பது ஆணுக்கும், ‘வச்சிந்தி’ என்பது பெண்ணுக்கும் அஃறிணைக்கும் பொது. தமிழரோ, முன்பு கூறியவாறு, தம் வாயால் பொய் கூறவும் வேண்டா. மெய் கூறவும் இயலா. இத்தன்மையை ஒரு காவல் எனவும் கொள்ளலாம், ஒரு சிறை எனவும் கொள்ளலாம். இரண்டும் உண்மையே என்பது எம் கருத்து.

அத்திப்பட்டுப் புதுநகர் நிலையத்தில் ஒரு மாலையிற் பள்ளி விட்டு வந்த மாணவர் குழு ஒன்றின் பேச்சு எம் செவியில் வீழ்ந்தது. ஆண்பிள்ளைகளுக்குரிய சீருடை அணிந்த ஒருவரைத் தோழியர் இருவர் இயல்பாக ‘டி’ என்று அழைத்துப் பேசிக்கொண்டிருந்தனர். ஏளனம் சிறிதும் இல்லை. அவரும் இயல்பாக மறுமொழி தந்தார். சற்று நேரத்தில் உறவினர் போலும் முதியவர் ஒருவர் அணுகினார். அக்கணமே விளி ‘டா’ என மாறிற்று. முதியவர் அகன்றதும் மீண்டும் ‘டி’ ஆயிற்று. அம்மூவரும் தமக்குள் எவ்வித ஒப்பந்தமும் பேசியதாகத் தெரியவில்லை. அது முன்னரே பழகிய வழக்கு. ஒரே எழுத்தின் மாற்றத்தால் அவ்விரு தோழியரும் ஒரு வாழ்வைக் கொடுக்கவும் மறைக்கவும் கற்றிருந்தனர். ஏளனமாக ‘டி’ போட்டு அழைக்கும் ஆண்பிள்ளைகளையும் அதே நடைமேடையிற் கேட்கலாம். எழுத்து ஒன்றே; குரல் வேறு. இழிசொல்லாக எறியப்படுவதும் கொடையாக வழங்கப்படுவதும் ஒரே ‘டி’ என்பதனை இலக்கண நூலால் உணர்த்த இயலாது. கதைதான் உணர்த்தல் வேண்டும்.

மேற்கூறிய இரு தங்குமிடங்கள் பற்றிய கூற்றுக்கு ஒரு விலக்கினையும் இவ்வூர்ப் பேச்சிலேயே காண்கின்றோம். வடதமிழ்ப் பேச்சில் ‘அக்கா சொல்லுச்சு’, ‘புள்ள வந்துச்சு’ என, வளர்ந்தோரையும் நெருக்கத்தினால் அஃறிணை முடிபிற் கூறுவர். அன்புள்ள வீட்டில் அவ்வழக்கு வளரிளந் திருநர்க்கும் ஒரு நிழல் தருகின்றது. ‘எங்க புள்ள’ என்று சொல்லும் தாய், மகன் மகள் என்னும் சொல்லைத் தள்ளிப்போட முடிகின்றது. அன்பில்லாத இடத்தில் அதே ‘அது’ சுடுகின்றது. நன்னூல் நூற்பாவின் மூன்றாம் கூறு இன்றும் தெருவில் உயிரோடு உலவுகின்றது.

இவ்வளவு கூறியபின் நூல்களுக்கு வருவோம்.

‘வாடாமல்லி’ ஆனந்த விகடனில் தொடராக வந்து 1994-இல் நூலாகியது. குடும்பங்கள் படிக்கும் வார இதழில் இப்பொருளை நாயகப் பொருளாக்கியது சமுத்திரத்தின் துணிவு. அதனைக் குறைத்துக் கூறுதல் நன்றியன்று. சிற்றூரிற் பிறந்து பொறியியற் கல்லூரிக்குச் செல்லும் சுயம்பு, தன்னுட் பெண்மையை உணர்ந்து, கல்லூரியாலும் வீட்டாலும் துரத்தப்பட்டு, தில்லி சென்று, மேகலை என்னும் பெயருடன் ஒரு கூட்டத்தின் நடுவே தன் நிலையைக் காண்பதே கதை. பெயர்கள் இரண்டும் கருதத்தக்கவை. சுயம்பு என்பது தானே தோன்றியது என்னும் பொருட்டு; பிறர் ஆக்காதது. மேகலை என்பதோ காப்பியத் தலைவியை நினைவூட்டும் பெண்பாற் பெயர்.

ஆயின் ஆசிரியர் கூற்றில் வினைமுற்று யாது? சுயம்பு ‘ஆன்’ ஈற்றிலேயே நடக்கின்றான்; பெயரும் உருவும் மாறிய பிற்பகுதியிலேயே ‘ஆள்’ ஈறு வருகின்றது. பாத்திரத்தின் உள்ளம் முற்பகுதியிலேயே ஐயத்துக்கு இடமின்றித் தெளிந்துவிட்டது. தமக்கையின் துன்பத்துக்குத் தானே காரணமாதலை எண்ணி உருகும் பகுதிகளிலும் அவ்வுள்ளம் பெண்ணுள்ளமாகவே தீட்டப்பட்டுள்ளது. அவ்விடங்களிலும் ஆசிரியரின் வினைமுற்று அவ்வுள்ளத்தோடு நில்லாமல், துரத்துகின்ற கல்லூரியோடும் அடிக்கின்ற உடன்பிறப்போடும் நின்றுவிடுகின்றது. பவணந்தியார் கையில் இக்கைப்படி கிடைத்திருப்பின், பல இயல்களுக்கு முன்னரே ஈற்றைத் திருத்தியிருப்பார். ஏனெனில் அவர் அவாவை நோக்கினார். சமுத்திரம் உருவை நோக்கினார்.

இதற்கு ஒரு விடை கூறலாம். உள்ளம் பெண்ணாகவும் வினைமுற்று ஆணாகவும் முரணுமாறு அமைத்து, அம்முரணைப் படிப்பவர் உறுத்தலாக உணரவேண்டும் என்பதே ஆசிரியர் கருத்து என்பர். இவ்விடையில் உண்மை சிறிது உண்டு. 1990-களின் தொடக்கத்தில், ‘சுயம்பு வந்தாள்’ என முதல் வாரத்திலேயே எழுதியிருந்தால் வாசகர் கதையைத் தொடர்ந்திருப்பரோ என்பதும் ஐயமே. எனினும், உறுத்தலை உண்டாக்கக் கருதும் ஆசிரியர் ஓரிடத்திலேனும் ஈற்றை மாற்றித் தடுமாறிக் காட்டியிருப்பார் என்பது எம் துணிபு. மொழியையே களமாக்கத் தக்க வாய்ப்பினை நாவல் கையாளாது விட்டது. அதன் சீற்றம் எல்லாம் நிகழ்ச்சியில் நின்றது, வினைமுற்றுக்கு எட்டவில்லை.

‘நான், வித்யா’ 2007-இல் கிழக்கு பதிப்பகத்தால் வெளியிடப்பெற்றது. தன்வரலாறு ஆதலின் தன்மை ஒருமையில் நடக்கின்றது. மேற்கூறிய இலக்கணத்தால் இதற்கு ஒரு பேறு வாய்த்துவிடுகின்றது: சொல்பவர் தம் இளமையை எவ்வளவு விரித்துரைப்பினும், ‘ஆடினேன்’, ‘அழுதேன்’, ‘ஓடினேன்’ என்னும் வினைகளில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. நூலினுள் பால் நுழையும் வாயில் பிறர் பேச்சு ஒன்றே. மகனை ஆட்சியராக்கிப் பார்க்க விழைந்த தந்தையின் அதட்டலிலும், பள்ளியிற் பிறர் செய்யும் கேலியிலும் ‘டா’வும் ‘அவன்’னும் வந்து மோதுகின்றன. தாமே பேசும்பொழுது திறந்த வெளியும், பிறர் பேசும்பொழுது சுவருமாக நூல் அமைந்துள்ளது. ஆசிரியர் தஞ்சையில் மொழியியலில் முதுகலை பயின்றவர் என்பதனால் இவ்வமைப்பு அறிந்து செய்யப்பட்டது என வாதிடுவாரும் இருப்பர். யாம் அவ்வாறு வாதிடவில்லை. தமிழின் இயல்பே இதனைச் செய்துவிட்டது. ஆசிரியர் அதற்குக் குறுக்கே நிற்காதது அவர்தம் நற்பண்பு.

வீட்டில் யாரும் இல்லாத வேளையிற் கதவடைத்து, தமக்கையின் பாவாடையை உடுத்துத் திரைப்பாடலுக்கு ஆடும் இளமைக் காட்சி அந்நூலிற் பலர் மனத்திலும் நின்றது. எமக்கு அதில் வியப்பளிப்பது ஆட்டமன்று, கதவு. கதவினுள் பார்ப்பவர் இல்லை. எனவே படர்க்கையும் இல்லை. படர்க்கை இல்லாத இடத்தில் அக்குழந்தை தடையின்றிப் பெண்ணாக இருக்கின்றது. மணிமேகலையிற் கண்ட தெருக்காட்சியை இதனோடு ஒப்புநோக்குக. அங்குக் காண்போர் மட்டுமே பேசினர். ஆடுவார்க்கு வாய் இல்லை. இங்கு ஆடியவரே பேசுகின்றார். காண்போர் எவரும் இல்லை. ஆனால் அடைத்த கதவுக்குள் ஒருவர் எத்தனை ஆண்டு வாழ முடியும்? யாரேனும் ஒருவர் கண்டு ‘ஆள்’ ஈற்றிற் சொன்னாலன்றி அவ்வாழ்வு உலகிற் புகாது. அந்நூலின் பிற்பகுதி முழுதும், பெயரையும் பாலையும் சான்றிதழில் ஏற்றுதற்கு அவர் பட்ட பாடும் உட்பட, அந்த ஒரு படர்க்கைச் சொல்லைத் தேடிய அலைச்சலேயாம்.

இந்நூலின் கன்னட மொழிபெயர்ப்புக்கு ‘நானு அவனல்ல, அவளு’ எனப் பெயரிட்டனர். அதனைத் தழுவிப் பி. எஸ். லிங்கதேவரு இயக்கிய திரைப்படமும் அப்பெயரே பெற்றது. அதில் நடித்த சஞ்சாரி விஜய் 2015-இல் தேசிய விருது பெற்றார். தமிழ்ப் பெயரில் தன்மைப் பெயரும் இயற்பெயரும் மட்டுமே உள. கன்னடப் பெயரில் படர்க்கைப் பெயர் இரண்டும் வந்து நின்று போரிடுகின்றன. ஒன்று ‘யான் இவள்’ எனத் தன்னை அறிமுகம் செய்கின்றது. மற்றொன்று ஊர் கூறியதனை மறுக்கின்றது. மூலத்தின் பெயரையே யாம் விரும்புகின்றோம். மறுப்பில் எப்பொழுதும் எதிரியின் சொல் முன்வந்து நின்றுவிடும்.

ரேவதி 2005-இல் ‘உணர்வும் உருவமும்’ என்னும் தொகுப்பில் பிறர் வரலாறுகளைத் திரட்டித் தந்தார். தம் வரலாற்றை அவர் எழுதியது பின்னர். ஆங்கிலத்தில் 2010-இலும், ‘வெள்ளை மொழி’ எனத் தமிழில் 2011-இலும் அது வெளிவந்தது. நாமக்கற் பகுதிச் சிற்றூரின் வாழ்வை அந்நூல் கூறும் முறையில் ஒப்பனை இல்லை, பெயருக்கேற்ற நடை. ஊர்த் திருவிழாவிற் குறத்தி வேடமிட்டு ஆடிய இளமை நிகழ்ச்சி எம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. பிற நாளிற் பெண்போல் நடந்தால் அடிக்கும் ஊர், திருவிழாவிற் பெண்ணாக வேடமிட்டால் கைகொட்டி மகிழ்கின்றது. வேடத்துக்கு ஊர் இசைவு உண்டு. தெருக்கூத்திற் பெண்வேடம் தாங்கும் ஆண்களைக் கண்டு பழகிய நாடு அன்றோ இது! ஆனால் அவ்விசைவு விடியும்வரைதான். விடிந்தபின் வேடம் களையாதவர் குற்றவாளி ஆகின்றார். பிறர் களைந்துவிடும் வேடம், இவ்விளையோர்க்கு வேடம் அன்று. பகல் முழுதும் அணியும் ஆண்கோலமே அவர்க்கு வேடம். இத்தலைகீழ் நிலையை விளக்கவுரை ஏதுமின்றி ஒரு நிகழ்ச்சியாலேயே உணரவைத்தது ரேவதியின் வெற்றி. மூன்று நூல்களுள் வளரிளம் பருவத்தை ஊரின் நடுவில் வைத்து, உறவு, தெரு, திருவிழா ஆகியவற்றோடு பிணைத்துக் காட்டுவது இதுவே என்போம். வித்யாவின் நூலிற் கதவு உண்டு. இங்கு ஊர் உண்டு. பிரியா பாபுவின் ‘மூன்றாம் பாலின் முகம்’ என்னும் புதினம் (2008) குடும்பத்தை நோக்கிப் பேசும் நோக்கத்தால் இதனோடு வைத்து எண்ணத்தக்கது. கலைநயத்தில் இதனோடு ஒவ்வாது.

இலக்கியத்தினின்றும் சற்று விலகிச் சட்டத்தையும் பார்த்தல் வேண்டும். ஏனெனில் சட்டமும் ஒரு சொல்லாட்சியே. தமிழ்நாடு அரசு 2008 ஏப்ரலில் இந்தியாவிலேயே முதன்முதலாகத் திருநங்கையர்க்கு நலவாரியம் அமைத்தது. பழைய இழிசொற்கள் ஒதுங்கித் திருநங்கை, திருநம்பி, திருநர் என்னும் சொற்கள் நிலைபெற்றன. சுஷ்மா வழக்கில் 2021 சூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் இட்ட ஆணையைத் தொடர்ந்து, இம்மக்களைக் குறிக்கத் தக்க சொற்களின் பட்டியல் ஒன்றினை 2022-இல் அரசு வெளியிட்டது. இவையெல்லாம் பெயர்ச்சொற்கள். வினைமுற்று பற்றி எந்த ஆணையும் பேசவில்லை, பேசவும் இயலாது. 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபொழுது, அதன் 5-ஆம் பிரிவு சான்றிதழுக்கான விண்ணப்பத்தைப் பற்றிக் கூறுமிடத்து, உரிய வயது எய்தாதவர் பொருட்டுப் பெற்றோரோ காப்பாளரோ விண்ணப்பிக்கவேண்டும் என வகுத்தது. தமிழ் இலக்கணம் அவ்வளரிளையோரை எங்கு நிறுத்தியதோ அங்கேயே சட்டமும் நிறுத்தியது: தம்மைப் பற்றித் தாம் சொல்ல இயலாது, பிறர் சொல்லக் காத்திருக்கும் படர்க்கையில். பள்ளியாசிரியர்க்கு வழிகாட்டுதற்கெனத் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2021-இல் ஒரு கையேடு வெளியிட்டது. எதிர்ப்பு எழவே அவ்வாண்டிலேயே அது தன் இணையதளத்தினின்றும் நீக்கப்பட்டது. அக்கையேட்டின் குறைநிறைகளை ஆராய்வது எம் பணியன்று. வகுப்பறையில் நாளும் ‘அவன்’, ‘அவள்’ சொல்லும் கடமையுடைய ஆசிரியர் கையில் ஒன்றும் இல்லாது போயிற்று என்பதே ஈண்டு வேண்டுவது.

ஒன்றும் இல்லை என்பதும் பொருந்தாது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் வழுவமைதி கற்பிக்கின்றோம். உவப்பு முதலிய காரணங்களாற் பாலும் திணையும் மயங்கி வருதலை இழுக்கன்று என நன்னூலின் 379-ஆம் நூற்பா ஏற்றுக்கொள்கின்றது. தாய் தன் மகளை ஆண்பால் விளியால் ‘கண்ணா’ எனக் கொஞ்சுதலை அதற்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல் தருகின்றது. பதினைந்து வயதினர் நிறைந்த வகுப்பில் இவ்விதியை நடத்தும் ஆசிரியர், வரிசையில் எங்கேனும் அமர்ந்திருக்கும் ஒருவர் இதனை எவ்வாறு கேட்பார் என எண்ணியதுண்டோ? தாயின் உவப்புக்காகப் பால் மாறலாம். அதனை இலக்கணம் பொறுத்துக்கொள்ளும். பிள்ளையின் உண்மைக்காக மாறலாகாதோ? பரிவுடைய ஆசிரியர் சிலர், ‘ஆள்’ ஈற்றால் அம்மாணவரை அழைத்துவிட்டு, வழுவமைதியாகக் கொள்வோம் என்று தம்மைத் தேற்றிக்கொள்வர். அவர்தம் நன்மனத்தைப் போற்றுகின்றோம். ஆயினும் அவர்தம் இலக்கணத்தை ஏற்றற்கில்லை. வழுவமைதி என்பது குற்றத்தைப் பொறுத்தல். கிளவியாக்கத்தின் பன்னிரண்டாம் நூற்பாவின்படி ‘வந்தாள்’ என்பது பொறுக்கவேண்டிய குற்றமே அன்று, அதுவே வழாநிலை.

தொல்காப்பியர் ஆண்மை திரிந்ததனை மட்டுமே ஓதினார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவாரை நன்னூலாரே முதற்கண் வைத்து ஓதினார். யாம் எடுத்துக்கொண்ட மூன்று நூல்களும் தொல்காப்பியர் நின்ற எல்லையிலேயே நிற்கின்றன. திருநம்பியரின் இளம்பருவம், தாவணி உடுத்த மறுத்த நாள், பூப்பு நீராட்டுக்கு உறவினர் கூடிய பந்தலில் மகளாக அமர்த்தப்பட்ட மகன் ஆகியவை தமிழில் மிகச் சிறிதே எழுதப்பட்டுள்ளன. ஆண்பிள்ளையின் பெண்மை ஊரார் கண்ணில் உடனே படுவதனால் அடியும் உடனே விழுகின்றது; பெண்பிள்ளையின் ஆண்மையோ துடுக்கு என்றும் துணிவு என்றும் சில ஆண்டு பாராட்டப்பெற்று, பூப்புக்குப்பின் ஒரே நாளில் அடைக்கப்படுகின்றது. இது வேறு கதை; வேறு வடிவமும் வேண்டுவது. பவணந்தியாரின் முதற் கூற்றுக்கு எடுத்துக்காட்டுக் கேட்கும் மாணவர்க்கு, ‘அவன்’ என்று முதல் இயலிலேயே எழுதத் துணிந்த ஒரு புதினத்தைக் காட்டும் நாளை எதிர்நோக்குகின்றோம்.